வெள்ளத்தில் நிறுத்திய வாத்துக்குஞ்சு

அசையும் சித்திரங்கள் மழலை நெஞ்சில் அறத்தை விதைக்கின்றன என்பது குழந்தை மனநல நிபுணரின் முடிந்த முடிவு. விதைக்கத் தோதாக, ஐந்து வயது மகளோடு சோபாவில் ரிமோட்டும் கையுமாக அமர்ந்திருக்கிறார். திரையில் ஆற்று வெள்ளம், நடுவே தனியாக ஒரு வாத்துக்குஞ்சு. ஐந்தாவது தடவையாகப் படத்தை நிறுத்துகிறார். நீல வெளிச்சம் மகளின் முகத்தில் அசையாமல் நிற்கிறது. "இதுலேருந்து என்ன கத்துக்கிட்டே, கண்ணு?" "நீங்க பட்டனை அமுக்கினா வாத்து தண்ணியிலேயே கெடக்கும்ப்பா." "அது இல்லடா, துணிச்சல்னா என்னன்னா..." அவள் ரிமோட்டைப் பிடுங்கிப் படத்தை ஓடவிட்டு, ரிமோட்டின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்கிறாள். வெள்ளம் மறுபடி இரைகிறது. குஞ்சு மூழ்கி எழுகிறது. துணிச்சலின் விளக்கம் பாதியில் நிற்க, நிபுணர் சோபாவின் நுனிக்கு வந்துவிடுகிறார். "அம்மா வாத்து வந்துடும்ல?" என்கிறார். "பேசாமப் பாருங்கப்பா." மகளின் கரடி பொம்மையை நிபுணர் கட்டிப்பிடித்திருக்கிறார்.