ஒரு கீறல் இல்லாமல்

இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து தூங்கின.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள்.

இரண்டும் ஆண் கினிப்பன்றிகள். முழு வெள்ளை பெரியவன். காதோரம் பழுப்பு விழுந்தவன் சின்னவன். கல்லூரியின் விலங்கு அறையில் வேறு கூண்டு காலியில்லை. ஒன்றாகத்தான் இருந்தாக வேண்டும்.

"சண்டை போடாமப் பாத்துக்க. காயம் மட்டும் படவே கூடாது" என்று சொல்லியிருந்தார் குருபாதம் சார்.

எப்படி என்று அவர் சொல்லவில்லை. ஏன் என்று அவளும் கேட்கவில்லை.

செங்கல் சுமந்த இடுப்பு இனி முடியாது என்ற பிறகு இங்கே வந்தவள். கூண்டு கழுவ வேண்டும், புல் போட வேண்டும். சண்டை விலக்குவது அவள் வேலையில் சேர்த்தி இல்லை.

ஆனாலும் விடவில்லை.

முதலில் கையை விட்டாள். கடி வாங்கினாள். அப்புறம் குப்பை அள்ளும் முறத்தை விட்டாள்.

பெரியவன் மயிரைச் சிலிர்த்துக்கொண்டு, இடுப்பை ஆட்டி ஆட்டி, மோட்டார் ஓடுவதுபோல் உறுமுவான். அது வெறும் மிரட்டல். விட்டுவிடலாம். பல்லை நறநறவென்று கடித்து, இரண்டும் மூஞ்சிக்கு மூஞ்சி தலையைத் தூக்கினால் அடுத்தது ரத்தம்தான். அதற்குள் முறம் நடுவில் இறங்கிவிட வேண்டும்.

பெட்டைகளின் கூண்டு பக்கத்தில் இருந்தது. அந்த வாடைதான் இவன்களை ஏற்றிவிடுகிறது என்று அவளுக்குப் பட்டது. பெட்டைக் கூண்டை இழுத்து இழுத்து அறையின் மறுகோடிக்குக் கொண்டுபோனாள். இடுப்பு பிடித்துக்கொண்டது.

எலிக்கூண்டு பார்க்கும் பொற்கொடி சிரித்தாள்.

"ஏன்டி, ரெண்டு மருமவன ஒரே வூட்டுல வச்சுக்கினு மல்லாடுற?"

"மருமவனா இருந்தா எப்பவோ வெரட்டியிருப்பேன்."

படுக்கப் போட்ட அட்டைப்பெட்டிக்கு ஒரே வாசல். சின்னவன் பயந்து உள்ளே ஓடுவான். பெரியவன் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பான். கடி விழுவது அங்கேதான்.

பின்பக்கம் இன்னொரு வாசல் அறுத்தாள்.

தீனிக் கிண்ணத்தை இரண்டாக்கினாள். ஒன்று இந்த மூலைக்கு, ஒன்று அந்த மூலைக்கு.

அப்போதும் சண்டை. அப்போதும் முறம்.

"நீயா நானா பாத்துர்றேன்டா" என்று பெரியவனிடம் சொன்னாள்.

இன்று காலை பெரியவன் உறுமினான். சின்னவன் முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் வெளியே வந்தான். பெரியவன் சுற்றிக்கொண்டு போய்த் துரத்தவில்லை. திரும்பிப் புல்லைத் தின்னத் தொடங்கினான்.

இப்போது தூங்குகிறார்கள்.

கதவு திறந்தது. குருபாதம் சார். கையில் மூடிபோட்ட கூடை.

அந்தக் கூடையில் போன எதுவும் திரும்பி வந்ததில்லை. அது அவளுக்குத் தெரியும்.

"தூக்கிக் காட்டு."

காட்டினாள். பெரியவனை. பிறகு சின்னவனை. அவர் மயிரை ஊதிப் பிரித்துப் பார்த்தார். பழைய காயமெல்லாம் ஆறிப்போயிருந்தது.

"அடடே, ஒரு கீறல் இல்லாம வச்சிருக்கியே! இந்த ரெண்டையும் எடுத்துக்கறேன். காயம் பட்டதுன்னா ஆராய்ச்சிக்கு ஆகாதும்மா."

அவள் இரண்டையும் கூண்டுக்குள் விட்டாள்.

அவருடைய போன் அடித்தது. கூடையை வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போனார்.

அவள் கூண்டைப் பார்த்தாள். இரண்டாவது வாசலைப் பார்த்தாள்.

கம்பி வலையின் ஓரத்தில் வெட்டிவிட்ட முனை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. ஆள்காட்டி விரலை அதில் வைத்து அழுத்தி இழுத்தாள்.

பெரியவனின் முதுகில் தடவினாள். சின்னவனின் காதுக்குக் கீழே தடவினாள். வெள்ளை மயிரில் சிவப்பு நன்றாகவே பிடித்தது.

சார் திரும்பி வந்தார்.

"என்னம்மா இது! இப்பதானே பாத்தேன். அதுக்குள்ளயா?"

"ஆம்பளைங்க சார். அதுக்குள்ளதான்."

"எங்க கடிச்சிருக்கு, பாப்போம்." கையை நீட்டினார்.

"இப்பக் கைய விடாதீங்க சார். வெறியில இருக்குதுங்க. என் கதிய பாருங்க."

விரலைக் காட்டினாள். சொட்டியது.

ரத்த வாடைக்கோ என்னவோ, பெரியவன் பல்லை நறநறவென்று கடித்தான்.

சார் கையை இழுத்துக்கொண்டார்.

"சனியன்கள். சரி, ஆறட்டும், அப்புறம் எடுக்கலாம். நீ போய் மருந்து போட்டுக்க."

"சரிங்க சார்."

"இன்னிக்கு அந்தக் கதவோரக் கூண்டுல இருக்கறத எடுத்துக்கறேன். சாப்ட்டு வந்துர்றேன்."

கூடையை அங்கேயே விட்டுப் போனார்.

அவள் முந்தானையில் துணி கிழித்து விரலில் சுற்றினாள். பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டாள்.

அப்புறம்தான் அந்தக் கூண்டைப் பார்த்தாள்.

அதில் மூன்று கினிப்பன்றிகள். ஒரே ஈற்றில் பிறந்தவை. மூன்றும் ஒரே கிண்ணத்தில் வாய் வைத்துத் தின்றுகொண்டிருந்தன. ஒருநாளும் சண்டை போட்டதில்லை. அவற்றுக்கு அவள் பேர்கூட வைக்கவில்லை.

வராந்தாவில் செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

அவள் முடிச்சை அவிழ்த்தாள்.