கலவைச் சட்டிக்கு ஒரு பொட்டு

ஆயுத பூசையன்று, கட்டுகிற வீட்டில் கொத்தனாரின் கரண்டிக்கும் தூக்குக்குண்டுக்கும் சந்தனப் பொட்டு வைத்துப் பலகையில் வைத்திருந்தார்கள். சித்தாள் சுமக்கிற கலவைச் சட்டி மட்டும் மணலோரம் கிடந்தாள். தனக்கும் ஒரு பொட்டு கிடைக்காதா என்று கழுவின முகத்தோடு காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தலையில ஏறி சொகுசா வந்தவதானே? உனக்கெதுக்குடி பொட்டு?” என்றான் தூக்குக்குண்டு.



“குண்டண்ணே, இந்தச் சுவரு முழுக்க நான்தான் பூசினேன்,” என்றான் கரண்டி. “ஒருநாளாச்சும் கீழே இறங்கிக் கலவை அள்ளி வந்திருப்பேனா?”

கரண்டி பலகையிலிருந்து சறுக்கி இறங்கி, சட்டியின் நெற்றியோடு நெற்றி முட்டி நின்றான். ஈரச் சந்தனம் ஒட்டிக்கொண்டது.

“ஐயோ அண்ணே, உங்க பொட்டு பாதியாப் போச்சே!”

“போனா என்ன தாயி? மீதி உன்கிட்டதானே இருக்கு.”