பதினோரு முட்டைகள்

அடைகாத்துக்கொண்டிருந்த கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் கண்டு இரண்டு நாளாயிற்று. குஞ்சு பொரிக்க இன்னும் இரண்டே நாள்தான் இருந்தது. கொளஞ்சி கூடைக்கருகில் உட்கார்ந்து, மிளகும் சின்ன வெங்காயமும் சேர்த்து அரைத்த உருண்டையை அதன் அலகைப் பிளந்து ஊட்டினாள். கோழி விழுங்கவில்லை. அதன் உடம்பில் சூடு குறைந்துகொண்டே வந்தது.

"முட்டைய எல்லாம் எங்கிட்ட குடுடி. எங்கோழியும் அடையிலதான் கெடக்கு. கூடச் சேத்துப் பொரிச்சித் தரேன்" என்றாள் அடுத்த வீட்டிலிருக்கும் ஓரகத்தி தையல்நாயகி.

நோய்க்கோழி மேய்ந்த பக்கம்கூட யாரும் தங்கள் கோழியை விடமாட்டார்கள். இவள் வலிய வந்து கேட்கிறாள். போன வாரம், காயவைத்த நெல்லைக் கிளறியதென்று இதே கோழியைக் கல்லால் அடித்தவள்.

கொடுக்காவிட்டால் பதினொன்றும் கூழ்முட்டையாகிவிடும். கொளஞ்சி அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துவந்து, முட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் கோடு போடத் தொடங்கினாள்.

"ஏண்டி, குஞ்சும் கோட்டோடதான் வெளிய வருமா?" தையல்நாயகி சிரித்தாள்.

"மாறிடக் கூடாதில்லக்கா."

பத்து முட்டைகள் தையல்நாயகியின் முந்தானைக்குப் போயின. கடைசி முட்டைக்காகக் கொளஞ்சி கூடைக்குள் கையை விட்டபோது, கழுத்தைத் தூக்கவும் தெம்பில்லாத கோழி இறக்கையை இழுத்து அவள் கையின்மேல் போட்டு மூடியது. உள்ளங்கையில் இருந்த முட்டைக்குள் ஏதோ மெல்லத் தட்டியது.

"பதினொண்ணு இல்ல வெச்ச?"

"பத்துதாங்க்கா" என்றாள் கொளஞ்சி, கையை எடுக்காமல்.