கை மூடும்வரை

பாடிக்கொண்டிருந்த ஹோசியா மேடையில் குப்புற விழுந்ததும் அரங்கமே கூத்தாடியது.

இதைப் பார்க்கத்தான் வந்திருந்தார்கள். ஜார்ஜியாவில் மேக்கன் நகரத்துச் சனிக்கிழமை மத்தியானம், வெயில் மண்டையைப் பிளந்தது, உள்ளே பொட்டுக் காற்றில்லை. வாசலில் சவப்பெட்டிக் கடைக்காரன் விளம்பரத்துக்காகக் கொடுத்த அட்டை விசிறிகளை வீசிக்கொண்டு, இவன் எப்போது விழுவான் என்று இவ்வளவு நேரம் காத்திருந்த கூட்டம்.

ஓடெல் டிரம்ஸை நிறுத்தவில்லை. பேண்டில் ஒருவரும் நிறுத்தவில்லை.

அது ஹோசியா போட்ட சட்டம். கடைசிப் பாட்டில் அவன் விழுவான். ஜனங்கள் பேர் சொல்லிக் கூப்பிடக் கூப்பிடக் கட்டையாகக் கிடப்பான். கூப்பாடு போதுமென்று தோன்றும்போது எழுந்து, வலது கையைத் தூக்கி, விரல்களை மூடுவான். அந்த நொடியில் பாட்டு வெட்டினாற்போல நிற்க வேண்டும். அதற்கு முன்னால் வானமே இடிந்து விழுந்தாலும் ஒருத்தனும் நிறுத்தக் கூடாது.

போன வருஷம் பக்கத்து மாநிலத்துப் பர்மிங்ஹாமில் வெண்டெல் நிறுத்தினான். விழுந்த வேகத்தைப் பார்த்து நிஜமென்று பயந்து, சாக்ஸபோனைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து தூக்கினான். ஹோசியா கண்ணைத் திறந்து ஒரு முறை முறைத்தான்.

“விழுந்தா பாக்குறதுக்கு ஊர்ல டாக்டர் இருக்கான்டா. உன்னை ஊதத்தானே கூட்டிட்டு வந்தேன்?”

அன்று திரும்பும் வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் வெண்டெலை இறக்கிவிட்டு பஸ் கிளம்பியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஓடெலும்தான்.

இத்தனைக்கும் ஹோசியா, வெண்டெல், ஓடெல் மூன்று பேரும் இதே மேக்கனில் ஒரே சர்ச்சில் பாடி வளர்ந்தவர்கள். ஆவி வந்து விழுகிறவர்களை அங்கே பார்த்துத்தான் ஹோசியா விழக் கற்றுக்கொண்டான். சாமி காரியத்தை ஆட்டமாக்குகிறான் என்று பாஸ்டர் வெளியே துரத்தினார். துரத்தினால் என்ன? கற்றதை எடுத்துக்கொண்டு முதலில் ஓட்டை லாரியில், அப்புறம் சொந்த பஸ்ஸில், ஜார்ஜியாவும் அக்கம்பக்கமும் முழுக்கச் சுற்றினான். பாட்டு ரேடியோவில் வந்தது. முகம் சுவரொட்டியில் வந்தது.

ஆனால் பாட்டை முடித்த விதம் சரியென்று ஒருநாளும் அவன் வாயில் வந்ததில்லை. எவனாவது ஒருத்தன் இம்மியளவு பிந்தியிருப்பான். கைதட்டல் அடங்குவதற்குள் திரும்பி நின்று, அவனைப் பேர் சொல்லித் திட்டினால்தான் ஹோசியாவுக்குச் சாப்பாடு இறங்கும்.

முன்வரிசையில் ஒரு தடித்த அம்மாள் நாற்காலிமேல் ஏறி நின்றாள்.

“எந்திரிய்யா ஹோசியா! சொந்த ஊருன்னதும் சொகமா தூங்கறியா?”

சிரிப்பு அரங்கம் முழுக்கப் பரவியது. ஹோசியா, ஹோசியா என்று காலால் தரையை உதைத்துக் கூப்பிட்டார்கள்.

அவன் வலது கை பலகைமேல் மல்லாந்து கிடந்தது. விரல்கள் விரிந்திருந்தன. மோதிரம் மட்டும் விளக்கில் மின்னியது. பேண்டில் எல்லோர் கண்ணும் அந்தக் கையில்தான்.

வெண்டெலின் இடத்துக்கு வந்த புது ஆள் ஊதிக்கொண்டே ஓடெலைப் பார்த்தான். என்ன செய்ய, என்று அவன் கண் கேட்டது. ஓடெல் வேறு பக்கம் பார்த்தான்.

அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. பயமில்லை, அழுகையில்லை. கையும் காலும் தம்பாட்டுக்கு வேலை செய்தன. மனசு மட்டும் மரத்துப்போய்க் கிடந்தது.

பின்பாட்டுப் பாடும் மூன்று பெண்களில் நடுவில் நிற்பவள் எர்னெஸ்டின், ஹோசியாவின் மனைவி. அவள் பாடுவதை நிறுத்தினாள். மைக்கை விட்டு நடந்து வந்து அவன் பக்கத்தில் மண்டியிட்டாள். இது புது வித்தை போலிருக்கிறது என்று ஜனங்கள் இன்னும் கத்தினார்கள்.

அவள் இரண்டு விரலை அவன் தாடைக்குக் கீழே வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

பிறகு ஓடெலை நிமிர்ந்து பார்த்தாள். நிறுத்து, என்று அவள் உதடு அசைந்தது.

ஓடெல் அடித்தான்.

ஹோசியா எப்போதும் முழங்காலை ஊன்றி, கையைக் கொடுத்து, பூப்போல விழுவான். முகத்தில் ஒரு கீறல் பட விடமாட்டான். இன்று முகம்தான் முதலில் பலகையில் மோதியது. பாட்டுச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்டிருக்காது. வருஷக்கணக்காக அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, அவன் விழுவதோடு சேர்த்து அடித்த ஓடெலுக்குக் கேட்டது.

அப்போதே அவனுக்குத் தெரியும். தாளம் ஓடுகிறவரை இது ஆட்டம். நிறுத்தினால் நிஜமாகிவிடும். அதனால்தான் அடித்தான்.

எர்னெஸ்டின் இன்னொரு தடவை சொல்லவில்லை. யார் சொன்னால் இவர்கள் நிறுத்துவார்கள் என்று அவளுக்குத் தெரியாதா?

புருஷனின் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சுண்டுவிரலை மடக்கினாள். அடுத்ததை மடக்கினாள். மோதிரம் கொஞ்சம் தடுத்தது, அதைத் திருப்பிவிட்டு மற்ற விரல்களையும் மடக்கினாள். கட்டைவிரலை மேலே வைத்து, பிரியாமல் தன் கையால் பொத்திப் பிடித்து, எல்லோருக்கும் தெரியும்படி உயரத் தூக்கினாள்.

பாட்டு நின்றது.

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அட்டை விசிறிகள் மேடைமேல் வந்து விழுந்தன.

ஓடெல் குச்சிகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டான். எவன் பிந்தினான் என்று ஹோசியா திரும்பிச் சொல்வதற்காகக் காத்திருந்தான்.

ஒருவரும் பிந்தவில்லை.