ஒரு கிலோகூட ஜாஸ்தி இருக்கக் கூடாது

வேங்கிக்கால் மெக்கானிக் ஏகாம்பரத்துக்கு அரிசி மில் முதலாளி தணிகைவேலைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது. பம்பாயிலிருந்து சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வரவழைத்துப் பட்டறையில் நிறுத்திவிட்டு, தினமும் வந்து உபதேசம்.

“மெட்ராஸ் ரேஸ்ல ஓடப்போற வண்டிய்யா. இருபது ரவுண்டு போனாலும் சூடாகக் கூடாது, பிரேக் விடக் கூடாது. ஒரு கிலோ ஜாஸ்தி இருந்தாலும் கழட்டி எறி!”

ஏகாம்பரம் பெரிய ரேடியேட்டர் வைத்தான். பிரேக்கை மாற்றினான். ஏ.சி.யிலிருந்து கார்ப்பெட் வரை கழற்றி எறிந்தான்.

“பிரேக்கை நீங்களே மிதிச்சுப் பாருங்க.”

“இதுக்கெல்லாம் நான் இறங்கணுமா? பச்சையப்பா, நீ மிதி.”

டிரைவர் பச்சையப்பன் வாய் திறக்காமல் மிதித்துப் பார்த்துத் தலையாட்டினான். ‘ரேஸ் ஓட்டப்போகிற லட்சணத்தைப் பார்!’ என்று நினைத்துக்கொண்டான் ஏகாம்பரம்.

பந்தயத்துக்கு முதல் நாள் காலை. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காயும் உடைத்தாயிற்று. நெற்றி நிறைய பெரிய கோயில் விபூதியும் கையில் புது ஹெல்மெட்டுமாக வந்த தணிகைவேல், நேராகப் போய் இடப்பக்கக் கதவைத் திறந்தான். உள்ளே வெறும் தகரம்.

“இன்னாய்யா இது? சீட்டு எங்க?”

“ஓட்றவருக்கு ஒரு சீட்டு போதுங்களே. மத்ததெல்லாம் எடைதானே?”

“ஓட்றது பச்சையப்பன்யா! நான் என்னைக்கு ஸ்டியரிங்கைத் தொட்டேன்? முதலாளி நான் எங்க உக்கார்றது?”

உள்ளே பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்த பச்சையப்பன் அன்றைக்குத்தான் வாயைத் திறந்தான்.

“நீங்க பஸ்ல வந்துடுங்க, முதலாளி.”