எட்டுப் படம், எட்டு முதலிடம்

கோவில்பட்டி ஸ்டுடியோ ஒன்றில் பள்ளி விளையாட்டு விழாப் படங்களை ஆர்டர்வாரியாகப் பிரித்துக் கவரில் போடுவது ஜெபராணியின் வேலை. நூறு மீட்டர் ஓட்டத்தில் ஓடியவர்கள் எட்டுப் பெண்கள். எந்த வீடு எப்படிக் கேட்டதோ, ஏ.ஐ. சாஃப்ட்வேர் படத்தை அப்படியே மாற்றி அச்சடித்துக் கொடுத்துவிட்டது. எட்டுப் படம், எட்டிலும் வேறு வேறு பெண் முதலிடம். கவர் மாறினால் தெருவே ரெண்டுபட்டுவிடும் என்று ஜெபராணி பெயரை மூன்று தடவை பார்த்துத்தான் ஒட்டுவாள்.

அன்றைக்கு மூக்கையா கவரோடு திரும்பி வந்தார்.

"என்ன அண்ணாச்சி, மாறிப்போச்சா?"

"மாறலைம்மா. என் மவ இசக்கி நெசமாவே முதல்ல வந்தா. படத்தைக் காட்டினா, 'நீங்களும் சொல்லி அச்சடிச்சீங்களா'ன்னு சிரிக்காங்க. பேசாம அவள ரெண்டாவதா போட்டுக் குடு. முன்னால யாரு ஓடினாலும் சரி."

"ஐயோ, எதுக்கு?"

"ரெண்டாவது வேணும்னு எவனாச்சும் கேட்டு வாங்குவானா? பாத்ததும் நம்பிருவாங்க."

நம்பினார்கள். தெருக்காரர்கள் இசக்கிக்குச் சால்வையே போட்டுவிட்டார்கள்.

மறுநாள் மற்ற ஏழு வீட்டிலிருந்தும் திருத்தம் வந்தது: எங்கள் பிள்ளையும் ரெண்டாவதாகத்தான் வரவேண்டும், ஆனால் அடுத்த வீட்டுப் பிள்ளை யாரும் முன்னால் ஓடக் கூடாது.

"அப்படியானால் முதலிடம் யாருக்கு?" என்று சாஃப்ட்வேர் கேட்டது.

ஜெபராணி அசல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஓரத்தில், வாயில் விசிலும் முன்னால் தொந்தியுமாக பி.டி. வாத்தியார் நின்றிருந்தார்.

"இவரை ஓடவிடு" என்றாள்.