சாதுவான இனம்

ஏணைக்கு நேர் கீழே கண்ணாடிவிரியன் சுருண்டு கிடந்தது.

ஏணைக்குள் என் மகன் தூங்கிக்கொண்டிருந்தான். ஆறு மாதக் குழந்தை. விட்டத்தில் கட்டிய சேலை அவன் எடைக்குத் தாழ்ந்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கியது. அவன் விழித்து ஒரு உதை உதைத்தால் போதும், சேலை பாம்பின் மேல் இடிக்கும். ஓடிப்போய்த் தூக்கவும் வழியில்லை. நாங்கள் கிட்டே போவதற்குள் அது கொத்திவிடும்.

இரண்டடி தள்ளி எங்கள் பூனை உட்கார்ந்திருந்தது. பாம்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாதத்தை நக்கிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டாயிரம் ரூபாய்ப் பூனை.

அறுவடை முடிந்து நெல் மூட்டைகளைக் கூடத்திலேயே அடுக்கியிருந்தோம். உத்திரமேரூர் வியாபாரி கேட்ட விலை கட்டுப்படியாகவில்லை, ஏறட்டும் என்று காத்திருந்தோம். நெல்லுக்கு எலி வந்தது. பூனை வளர்க்கலாம் என்றேன். நாட்டுப் பூனை குழந்தையைப் பிறாண்டும், ஜாதிப் பூனையாகப் பாருங்கள் என்றாள் என் மனைவி வளர்மதி. எலியைத் தேடிக்கொண்டு பாம்பும் வரும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

பைக் வாங்கும்போதுகூட நான் அவ்வளவு ஆராய்ந்ததில்லை. ராத்திரியெல்லாம் போனும் கையுமாக இருந்தேன். மெயின் கூன் என்று ஒன்று, வளர்ந்தால் எட்டு கிலோ, நாய் உயரம். அறுபதாயிரம் என்றதும் போனைக் கீழே வைத்துவிட்டேன். பெங்கால், உடம்பெல்லாம் சிறுத்தைப் புள்ளி, வேட்டைப் புத்தி, ஒரு இடத்தில் இருக்காது. சயாமீஸ் லட்சணமாக இருந்தது, விலையும் பரவாயில்லை. ஆனால் நாளெல்லாம் கத்துமாம். பிள்ளை தூக்கம் கெடும் என்று வளர்மதி அதை எடுத்த எடுப்பிலேயே கழித்துவிட்டாள்.

மிஞ்சியது பெர்ஷியன். நாலு கிலோ, வெள்ளை முடி, நீலக் கண், பரம சாது. இருப்பதிலேயே சாதுவான குட்டியாகப் பொறுக்கி, செங்கல்பட்டில் போய் நானே வாங்கி வந்தேன்.

இப்போது வாசற்படியில் நின்றபடி என்னையே திட்டிக்கொண்டேன். பெங்காலாக இருந்தால் இந்நேரம் பாய்ந்திருக்கும். மெயின் கூனின் உருவத்தைப் பார்த்தே பாம்பு ஒதுங்கியிருக்கும். சாதுவாம் சாது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

“மில்கி” என்று பூனையைக் கிசுகிசுப்பாகக் கூப்பிட்டேன்.

காதுகூட அசையவில்லை. எவ்வளவு திமிர் பாருங்கள்.

பாம்பு தலையைத் தூக்கியது. குக்கர் சீறுகிற மாதிரி ஒரு சீறல். என்னையும் மீறி அலறிவிட்டேன்.

“கத்தாதீங்க, கொயந்த எயுந்துக்கும்!” வளர்மதி என் கையை நகம் பதியப் பிடித்தாள்.

குழந்தை எழவில்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தங்கமான பிள்ளை. தூங்கினால் தூங்கினதுதான். அதைப் பார்த்து ஊரே கண் வைக்கும்.

என் அலறல் கேட்டு, பக்கத்து வீட்டு வீராசாமி அண்ணன் துறட்டுக்கோலோடு பின்கதவில் வந்து நின்றார். ஒரு பார்வையில் எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு.

“மேல கீற மூட்டைய கீய தள்ளு நைனா! தர அதுந்தா இந்தாண்ட வரும்!”

வாசற்படியை ஒட்டியிருந்த அடுக்கின் உச்சி மூட்டைக்குத் தோள் கொடுத்துத் தள்ளினேன். அது விழுந்த வேகத்தில் கூடமே குலுங்கியது. அலமாரியிலிருந்த எவர்சில்வர் குடம் உருண்டு விழுந்து, வீடு அதிர ஓடியது. பாம்பு நெளிந்து பின்கதவுப் பக்கம் விரைந்தது. வீராசாமி அண்ணன் அதைத் துறட்டுக் கொக்கியில் கோத்து வெளியே வீசிவிட்டு, பின்னாலேயே ஓடினார்.

விழுந்த மூட்டை மேலேயே உட்கார்ந்தேன். வளர்மதி பாய்ந்து போய் ஏணையைப் பிடித்துக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாக உள்ளே பார்த்தாள். பிள்ளை மேல் ஒரு கீறல் இல்லை.

பயம் போனதும் கோபமெல்லாம் பூனை மேல் திரும்பியது. மூட்டை விழுந்தபோது மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்த அந்த மகாராணி, மறுபடியும் பாதத்தை நக்க ஆரம்பித்திருந்தது. அதன் முதுகுக்குப் பின்னால் நின்று வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

வளர்மதி பூனையையே பார்த்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து, அதன் தலைக்குப் பின்னால் குனிந்து கையைத் தட்டினாள். இன்னொரு தடவை, ஓங்கி.

பூனை நக்கிக்கொண்டே இருந்தது.

“இதுக்குக் காது கேக்கலீங்க.”

நான் பேரம் பேசுவதற்கு முன்பே விற்றவர் விலையைக் குறைத்தது ஏன் என்று அப்போதுதான் உறைத்தது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஊர் உலகமெல்லாம் தேடி, செவிட்டுப் பூனையைச் சாது என்று நினைத்து வாங்கி வந்திருக்கிறேன்! தப்பித்த சந்தோஷம் வேறு, அடக்கவே முடியவில்லை.

வளர்மதி சிரிக்கவில்லை.

அவள் பிடித்ததில் ஏணை ஆடி, குழந்தை விழித்திருந்தான். மல்லாந்து படுத்துத் தன் விரல்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் மெதுவாக அவன் தலைமாட்டுக்குப் போனாள். அவன் கண்ணில் படாமல் நின்று கையைத் தட்டினாள்.

குழந்தை விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஓங்கித் தட்டுடீ” என்று கத்தினேன்.

அவள் ஓங்கித்தான் தட்டிக்கொண்டிருந்தாள்.